திருத்தி எழுதுக

தை மாதத்து மத்தியானம். எங்கள் வீடு மேற்குப் பார்த்தது. மூன்று மணிக்கு மேல் வாசல் வழியாக வெயில் உள்ளே வந்து, முன் அறையில் பாதித் தரை வரைக்கும் நீண்டு கிடக்கும்.

அந்த வெயிலின் ஓரத்தில், கோரைப்பாயில் என் மகள் ரூபி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்து மாதம். கையில் ஒரு மர அகப்பை. அதன் காம்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் என் மாணவி ஒருத்தி மண்டியிட்டு ஒரு தகரக் கிலுக்கை ஆட்டினாள். வலது காதுப் பக்கம் ஆட்டினாள். இடது காதுப் பக்கம் ஆட்டினாள். ரூபி அகப்பையை விடவில்லை.

அந்தப் பெண் எழுந்தாள். கொலுசு போடாத கால். சத்தம் இல்லாமல் சுவரோரமாகவே நடந்து வாசலுக்குப் போய் நின்றாள். அவளுடைய நிழல் பாயில் விழுந்தது. ரூபி சட்டென்று திரும்பி, இரண்டு பல்லும் தெரியச் சிரித்தாள்.

"பாத்தீயளா சார்?" என்றாள் அந்தப் பெண். "பாப்பாவுக்கு நெழல்தான் சார் கேக்கு."

நான் சிரித்தேன். நாற்காலியில் சாய்ந்து, வயிறு குலுங்கச் சிரித்தேன்.

சென்ற வாரம் இந்தத் தொடரில் ஆய்வகத் தவளைகளைப் பற்றி நான் எழுதியதைப் படித்துச் சிரித்ததாக வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். அடுத்து எழுத வேண்டியது இதுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் மூன்று வாரமாகத் தவளை, பாம்பு, பள்ளிச் சுற்றுலா என்று சுற்றி வந்தேன். இனிமேல் சுற்ற இடமில்லை.

தவளை அறுக்கிற ஆள்

பிளஸ் டூ வகுப்புகள் தொடங்கி இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். சங்கரன்கோவிலில் நான் வேலை பார்த்த பள்ளியில் மனையியல் பிரிவு ஒன்றைத் திறந்தார்கள். சமையல், தையல், சத்துணவு, அதோடு குழந்தை வளர்ச்சி. பெண்பிள்ளைகள் இருபத்தோரு பேர் சேர்ந்தார்கள்.

பாடம் எடுக்க வந்த டீச்சர் ஒரு வருடம் எடுத்தார். அடுத்த வருடம் பிரசவத்துக்குப் போனவர் திரும்பி வரவில்லை. குழந்தை வளர்ச்சி எடுக்க வேண்டியவர் குழந்தையை வளர்க்கப் போய்விட்டார் என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"வாரும் வே. சமையலும் தையலும் தையல் டீச்சர் பாத்துக்கிடுவா. குழந்தை வளர்ச்சிய நீரு எடும்."

"சார், நான் விலங்கியல்."

"அதான் சொல்லுதேன். தவளை வளர்றது உமக்குத் தெரியும்லா? தலைப்பிரட்டைக்கு வால் எப்பம் விழும்னு தெரிஞ்ச ஆளுக்கு, பிள்ளைக்குப் பல் எப்பம் முளைக்கும்னு தெரியாதாக்கும்?"

மறுநாளே எனக்கு 'ஆயா சார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

முதல் பாடம் தாய்ப்பால். நான் கரும்பலகையைப் பார்த்து நின்றுகொண்டு முக்கால் மணி நேரமும் குறிப்பு சொன்னேன். ஒரு தடவைகூட வகுப்பைத் திரும்பிப் பார்க்கவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருபத்தோரு பேரும் தாவணி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தது எனக்குக் கேட்டது.

ஆனாலும் அந்தப் பாடம் எனக்குப் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், விலங்கியலை விட அதிகமாகவே பிடித்தது. காரணம் ரூபி. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்தவள். அந்த ஏழு வருடத்தில் எனக்காகவும் என் மனைவி கிரேஸுக்காகவும் ஜெபிக்காத உபதேசியார் எங்கள் பக்கத்துச் சபைகளில் யாரும் கிடையாது. பள்ளி திறந்த ஜூன் மாதம் அவளுக்கு மூன்று மாதம். காலையில் வகுப்பில் சொல்லும் பாடத்தைச் சாயங்காலம் வீட்டில் என் மகள் செய்து காட்டினாள். மூன்றாம் மாதம் தலை நிற்கும் என்று புத்தகம் சொன்னது, தலை நின்றது. ஐந்தாம் மாதம் குப்புற விழும் என்றது; நாலரையிலேயே விழுந்தாள். உயர்ந்த மதிப்பெண் வாங்கிய பிள்ளையின் தகப்பனைப் போல நான் நடமாடினேன்.

மூனா கோமதி

சங்கரன்கோவிலில் அம்மன் பெயர் கோமதி. அதனால் எந்த வகுப்பில் போய்க் கோமதி என்று கூப்பிட்டாலும் மூன்று பேராவது எழுந்திருப்பார்கள். மனையியல் வகுப்பில் நான்கு. தகப்பன் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் பிரிப்போம். ஆனா கோமதி, சானா கோமதி, ரானா கோமதி. நான்காவது மு. கோமதி, எங்கள் வாயில் மூனா கோமதி.

மூனா கோமதிக்குச் சொந்த ஊர் பனவடலிசத்திரம். தகப்பனார் அங்கே மானாவாரி விவசாயி. படிப்புக்காகச் சங்கரன்கோவிலில் சித்தி வீட்டில் இருந்தாள். அது எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி. ஒல்லியான பெண். கேட்டால் ஒழியப் பேசமாட்டாள். கையெழுத்து மட்டும் வலப்பக்கமாகச் சாய்ந்து, ஏதோ அவசரமாகச் சொல்ல ஓடி வருவது போல இருக்கும்.

செய்முறைத் தேர்வுக்கு ஒவ்வொருத்தியும் ஒரு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து, எடை, உயரம், தலைச் சுற்றளவு, என்ன செய்கிறது, என்ன சத்தம் கொடுக்கிறது என்று குறிக்க வேண்டும்.

அளவு நாடாவோடு போன பிள்ளைகளை ஊர் விரட்டியது. பச்சைப் பிள்ளையை அளந்தால் வளராது என்றார்கள். கண்ணேறு என்றார்கள். கடைசியில் முக்கால்வாசிப் பேர் தங்கள் அக்கா பிள்ளையையும் அத்தை பிள்ளையையும் தூரத்தில் இருந்து பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினார்கள். மூனா கோமதிக்கு அதற்கும் வழியில்லை. மூன்று வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வா," என்றேன். "வாத்தியார் வீட்டுப் பிள்ளையை அளந்தா யார் என்ன சொல்லப் போறா?"

கிரேஸ் சொன்னாள். அவள் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பிறந்தவள். "எங்க ஊர்ல ஆளை நாடா வச்சு அளக்கது சவப்பெட்டிக்குத்தான். வேண்டாங்க."

"ஏளா, நீயும் எஸ்.எஸ்.எல்.சி. படிச்சவதானே?" என்றேன். எங்கள் வீட்டில் படிப்பை எடுத்துப் பேசினால் பேச்சு முடிந்துவிடும். எப்போதும் நான்தான் எடுப்பேன்.

தறித் தெரு

எங்கள் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் செய்த தவறு விளங்காது.

தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரு விசைத்தறிக் கொட்டகை இருந்தது. காலையில் ஓடத் தொடங்கினால் இருட்டும் வரை ஓடும். அந்த அதிர்வில் டம்ளரில் இருக்கிற தண்ணீர்கூட நடுங்கும். புதிதாக வருகிற விருந்தாளி கையைக் காதருகே வைத்துக்கொண்டுதான் பேசுவார். நாங்கள் பழகியவர்கள், வாயசைப்பைப் பார்த்தே பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வோம். 'தறித் தெருப் பிள்ளைக்குச் சத்தம் தாலாட்டு' என்று எங்கள் தெருவில் சொல்வார்கள்.

மூனா கோமதி ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்தாள். முதலில் அவள் எழுதியதெல்லாம் எனக்குப் பெருமையாக இருந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு வரி: 'ஐந்தாம் மாதம் ங்ங என்று நிறையச் சத்தம் கொடுத்தது. இப்போது சத்தம் குறைந்துவிட்டது.' நான் அதைப் படித்தேன். படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன்.

பிறகு அந்தத் தை மாதத்து மத்தியானம். கிலுக்கு. நிழல்.

சிரித்து முடித்துவிட்டு அவளிடம் சொன்னேன்: "இந்தத் தறிச் சத்தத்துல கிலுக்கு எங்க கேக்கும்? எனக்கே கேக்கல."

"எனக்குக் கேட்டுது சார்," என்றாள்.

கரண்டு போன நேரம்

அடுத்த சனிக்கிழமை அவள் வந்திருந்தபோது ரூபி தூங்கிக்கொண்டிருந்தாள். விழிக்கட்டும் என்று கோமதி வாசல்படியில் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கரண்டு போனது.

தறித் தெருவில் கரண்டு போவதை அனுபவித்தால்தான் தெரியும். அத்தனை தறியும் ஒரே மூச்சில் நிற்கும். அந்த அமைதி தலையில் அடித்த மாதிரி இருக்கும். தெருவில் தூங்கிக்கொண்டிருக்கிற கைப்பிள்ளைகள் எல்லாம் அதில் திடுக்கிட்டு விழித்துக்கொண்டு அழும். சத்தத்துக்கு விழிக்காத பிள்ளைகள், சத்தம் நின்றதற்கு விழிக்கும். அன்றும் எதிர்வீட்டுப் பிள்ளை அழுதது. பக்கத்து வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் அழுதன. தெருமுனை வரைக்கும் அழுகைச் சத்தம்.

ரூபி தூங்கினாள். கை விரித்தபடி, வாய் கொஞ்சம் திறந்து, அப்படியே தூங்கினாள்.

கோமதி உள்ளே வந்து தொட்டில் பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். "சார், எல்லாப் பிள்ளையளும் முழிச்சிட்டு."

"நம்ம வீட்டுப் பிள்ளை நல்ல பிள்ளை," என்றேன்.

"சார்..."

"அதுக்குத் தகவமைப்புன்னு பேர். சூழலுக்கு ஏத்த மாதிரி உயிர் தன்னை மாத்திக்கிடும். ரூபி சத்தத்தைப் பொருட்படுத்தாம இருக்கப் பழகிட்டா. எழுதிக்கோ."

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். எனக்குச் சந்தேகமே வரவில்லை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். வந்தது. வந்த உடனே அதை மூட ஒரு சொல் தேவைப்பட்டது. நான் படித்த படிப்பு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தது. படிக்காதவனாக இருந்திருந்தால், பயந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன்.

சிவப்பு மை

மாசியில் செய்முறைத் தேர்வு. அதற்கு முந்தின வாரம் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தேன். என் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தவறு இருந்தால் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் 'திருத்தி எழுதுக.' இருபது வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை எழுதியிருப்பேனோ. யோசிக்காமலே கை எழுதிவிடும்.

மூனா கோமதியின் நோட்டில் பத்தாம் மாதப் பக்கத்தில் இப்படி இருந்தது:

'கிலுக்குச் சத்தத்துக்குத் திரும்பவில்லை. கைதட்டலுக்குத் திரும்பவில்லை. தறி நின்றபோது விழிக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை. குழந்தைக்கு நிழல் கேட்கிறது.'

கடைசி வரியின் கீழ்க் கோடு போட்டேன். 'நிழலைக் கேட்க முடியாது. திருத்தி எழுதுக.' பிறகு மேலே இருந்த நான்கு வரிக்கும் கோடு போட்டேன்.

மறுநாள் அவள் நோட்டோடு வந்து மேசைப் பக்கத்தில் நின்றாள்.

"நிழல்னு எழுதினது தப்புத்தான் சார். அத அடிச்சிருதேன். மத்ததையும் கோடு போட்டிருக்கீயளே?"

"வெளியூர்ல இருந்து எக்ஸாமினர் வாரார். பத்தாம் மாசம் குழந்தை சத்தம் வர்ற பக்கம் திரும்பும்னு புத்தகத்துல இருக்கு. நீ திரும்பலைன்னு எழுதினா, பிள்ளையைச் சரியாப் பாக்கலைன்னு மார்க்கைக் குறைப்பாங்க."

"நான் பாத்தேன் சார்."

"திரும்பியதுன்னு எழுது. பதினோராம் மாசத்துல 'அம்மா'ன்னு சொன்னதுன்னு. அதையும் எழுது."

"சொல்லலியே சார்."

"சொல்லும். பதினோராம் மாசம் முடிய இன்னும் பத்து நாள் இருக்கு."

அவள் நின்றாள். அப்படி அவள் நின்றதை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "பாப்பா சொல்லாதத நான் எப்படி சார் எழுத?"

"எக்ஸாமினர்ட்டயும் இப்படித்தான் வாயாடுவியா?"

வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் முகம் சிவந்தது. ரெக்கார்டு நோட்டில் தாளைக் கிழிக்கக் கூடாது. அதனால் வெள்ளைத்தாளை அளவாக வெட்டி, வீட்டில் சோற்றுப் பசை வைத்து, பழைய வரிகளின் மேல் ஒட்டி, அதில் எழுதிக்கொண்டு வந்தாள். எப்போதும் சாய்ந்து ஓடுகிற எழுத்து அந்த ஒட்டுத்தாளில் மட்டும் நிமிர்ந்து நின்றது. நான் பச்சை மையில் கையெழுத்துப் போட்டேன்.

மார்க்குக்காகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கொஞ்சம் அதுவும்தான். ஆனால் அந்த நோட்டில் இருந்தது என் மகள். ஏழு வருடம் கேட்டு வாங்கிய பிள்ளையின் மேல் ஒரு குறை எழுதப்பட்டிருந்தது. எழுத்தை மாற்றிவிட்டால் போதும் என்று என் கை நினைத்தது.

எக்ஸாமினர் அந்த ரெக்கார்டை மிகவும் பாராட்டினார்.

அவள் கடைசியாக வந்தது

பரீட்சை முடிந்து ஊருக்குப் போகுமுன் மூனா கோமதி ஒரு நாள் வீட்டுக்கு வந்தாள். ரூபிக்கு ஒரு பச்சை ரிப்பன் வாங்கி வந்திருந்தாள். உள்ளே வந்ததும் கூப்பிடவில்லை. காலால் தரையை இரண்டு தட்டுத் தட்டினாள். தரை அதிர்ந்ததும் ரூபி திரும்பிப் பார்த்துவிட்டு, அவளை நோக்கித் தவழ்ந்து ஓடினாள். இருவருக்கும் நடுவில் ஏற்கெனவே ஒரு பாஷை இருந்தது.

கிரேஸ் காப்பி போட அடுக்களைக்குப் போன நேரம் பார்த்துக் கோமதி சொன்னாள்: "சார், பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் ஒரு தடவ காட்டிருங்க சார். எங்க ஊர்ல ஒரு பிள்ள இப்படித்தான்... அக்காட்ட நான் சொல்லட்டா சார்?"

"வேண்டாம். நான் பாத்துக்கிடுதேன்."

"சரி சார்."

அவளை வாய் திறக்கவிடாமல் நான் அனுப்பிய அந்த ஒரு நிமிடத்தைத் திருப்பி வாங்க முடியுமானால், இத்தனை வருடத்தில் நான் பெற்ற வேறு எதையும் கொடுத்துவிடுவேன்.

கிரேஸ் கேட்டது

ரூபிக்கு ஒன்றரை வயது ஆனபோது கிரேஸ் கேட்டாள். "ஏங்க, பிள்ள இன்னும் ஒரு வார்த்த சொல்லலியே. எதிர்வீட்டுப் பிள்ள பாட்டுப் படிக்கி."

நான் எழுந்து போய்ப் பீரோவில் இருந்து அந்த ரெக்கார்டை எடுத்து வந்தேன். நல்ல ரெக்கார்டு என்று அடுத்த வருடப் பிள்ளைகளுக்குக் காட்ட வைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"பாரு. பதினோராம் மாசமே 'அம்மா'ன்னு சொல்லியிருக்கா. எழுதி, எக்ஸாமினர் கையெழுத்தும் ஆகியிருக்கு. நீதான் அடுக்களையில இருந்திருப்ப."

அவள் அந்த வரியில் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அப்பம் பிள்ள கூப்பிட்டிருக்கு," என்றாள். "எனக்குத்தான் கேக்கலியா?"

நான் ரெக்கார்டை மூடிப் பீரோவில் வைத்தேன்.

அதன் பிறகு அவள் அடுக்களை வேலையை அவசரமாக முடித்துவிட்டு, ரூபியின் பக்கத்திலேயே உட்காரத் தொடங்கினாள். தறி ஓடுகிற நேரத்தில் பிள்ளையின் வாயருகே காதைக் கொண்டுபோவாள். இன்னொரு தடவை கூப்பிட்டால் தவறவிடக் கூடாது என்று. நான் அதைப் பார்த்துக்கொண்டு பேப்பர் படித்தேன். இரண்டு வருடத்துக்கு மேல் இப்படிப் போனது.

ரூபிக்கு நாலு வயது நடக்கும்போதுதான் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோனோம். காது டாக்டர் என்னென்னவோ செய்து பார்த்தார். கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கேட்கும் திறன் கொஞ்சம்தான் இருக்கு. பிறந்ததில் இருந்தே இவ்வளவுதான் இருந்திருக்கும். ஒரு வயசுல கொண்டுவந்து காதுக்கு மிஷின் வச்சிருந்தா, பேச்சுக்கு ஓரளவு பழகியிருக்கும். இப்பவும் வைக்கலாம். ஆனா அந்த வயசு போயிட்டு. ஏன், வீட்டுல யாருமே கவனிக்கலியா?"

கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "யாரும் கவனிக்கல டாக்டர். நான்தான் தாய், நான் கவனிச்சிருக்கணும்."

நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

கிரேஸ் காலமாகி ஒன்பது வருடம் ஆகிறது. அவளிடம் நான் சொல்லவே இல்லை. தன் பிள்ளை கூப்பிட்டுத் தனக்குக் கேட்காமல் போனது என்று நம்பிக்கொண்டே அவள் போய்ச் சேர்ந்தாள். நான் ஓய்வு பெறும் வரை அந்த ரெக்கார்டு பள்ளியில் மாதிரியாக இருந்தது. வருடா வருடம் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதினார்கள். சங்கரன்கோவில் வட்டாரத்துக் குழந்தைகள் எல்லாம் பதினோராம் மாதத்தில் 'அம்மா' என்றன. ஒவ்வொன்றிலும் நான் கையெழுத்துப் போட்டேன்.

ரூபி

ரூபி விடுதியில் தங்கிக் காது கேளாத பிள்ளைகளுக்கான பள்ளியில் படித்தாள். இப்போது பாளையங்கோட்டையில் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். அவள் கணவருக்கும் காது கேட்காது. நல்ல மனிதர், அச்சகத்தில் வேலை. கிரேஸ் ஐம்பது வயதுக்கு மேல் சைகை மொழி கற்றுக்கொண்டாள். ரூபியோடு மணிக்கணக்கில் கைகளால் பேசிச் சிரிப்பாள். எனக்குச் சாப்பாடு, தண்ணீர், தூக்கம், மருந்து என்று நாலைந்து சைகை தெரியும். மீதியை நாங்கள் தாளில் எழுதிக்கொள்வோம்.

ரூபிக்கு மகன் பிறந்து ஐந்தாறு மாதம் இருக்கும். நான் போயிருந்தபோது அவள் பிள்ளையைப் பாயில் உட்காரவைத்து, தலையணை அணைகொடுத்துவிட்டுப் பின்பக்கம் போனாள். ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் தரையில் போட்டாள். பிள்ளை தலையைத் திருப்பிப் பார்த்தது. ரூபி மறுபடியும் தட்டைப் போட்டாள். பிள்ளை மறுபடியும் திரும்பியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். இதைச் செய்து பார்க்க அவளுக்கு எந்தப் புத்தகமும் தேவைப்படவில்லை.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகு, சென்ற வருடம், பீரோவை ஒழித்தபோது, ஓய்வு பெற்ற அன்று நான் எடுத்து வந்திருந்த ரெக்கார்டு நோட்டு கையில் வந்தது. சோற்றுப் பசையைப் பூச்சி தின்றுவிட்டிருந்தது. ஒட்டுத்தாள் ஒரு ஓரத்தில் தானாகவே கழன்று நின்றது. இழுத்ததும் வந்துவிட்டது. கீழே அந்தச் சாய்ந்த எழுத்து. அதன் மேல் என் சிவப்புக் கோடு. சிவப்பு கொஞ்சமும் மங்கவில்லை.

பஸ் ஏறிப் போய் அதை ரூபியிடம் கொடுத்தேன். நடந்ததை எல்லாம் நாலு பக்கம் எழுதி அதோடு வைத்தேன். அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசித்தாள். நான் எதிரே உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்தேன். அவள் அம்மா அந்த வரியில் விரல் வைத்துப் படித்ததை நான் எழுதிய இடத்தில் வெகுநேரம் நின்றாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்பட வேண்டும் என்றும் விரும்பினேன்.

அவள் துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். நான் எழுதிய தாளின் அடியில் எழுதினாள்:

'இந்த அக்கா எங்கே. நான் பார்க்க.'

வாக்கியம் முடியவில்லை. என் கை அதைத் திருத்தப் போகவில்லை.

எந்தக் கோமதி?

அவள் சித்தி வீட்டார் எப்போதோ எங்கள் தெருவை விட்டுப் போய்விட்டார்கள்; பள்ளியில் அந்தக் காலத்துப் பதிவேடும் இல்லை. பனவடலிசத்திரத்துக்கு இரண்டு தடவை போனேன். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் விசாரித்தேன்.

"மு. கோமதின்னு ஒரு பிள்ள. சங்கரன்கோவில்ல சித்தி வீட்டுல இருந்து படிச்சது. இப்பம் அறுபது வயசு இருக்கும்."

கடைக்காரர் சிரித்தார். "எந்தக் கோமதி அண்ணாச்சி? இங்கன வீட்டுக்கு ஒரு கோமதி. கட்டிக் கொடுத்து ஊரு ஊராப் போயிருப்பா. அப்பன் முழுப்பேரு என்ன?"

மூனா என்பது முருகனா, முத்தையாவா, மூக்கனா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் முழுக்க என் வீட்டுக்கு வந்து என் பிள்ளையைப் பார்த்தவள். அவள் தகப்பன் பெயரை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ராயகிரியில் கட்டிக்கொடுத்ததாக ஒருவர் சொன்னார். அங்கேயும் போனேன். அது வேறு கோமதி. அந்த அம்மாள் எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

ரூபி ஒவ்வொரு தடவையும் கேட்கிறாள். புருவத்தை உயர்த்தி, வலது கையை விரித்துக் காட்டுவாள். எனக்குத் தெரிந்த சைகைகளோடு அதுவும் ஒன்று சேர்ந்துவிட்டது. நான் தலையாட்டி இல்லை என்பேன். அவள் மெஷினுக்குத் திரும்பிவிடுவாள்.

இப்போதெல்லாம் அவள் வீட்டுக்குப் போனால் நான் வாசலில் நின்று கூப்பிடுவதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, வெயில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பேன். என் நிழல் அவள் தைக்கிற துணியின் மேல் விழுகிற மாதிரி ஒதுங்கி நிற்பேன்.

அவள் திரும்பிப் பார்க்கிறாள்.